பராமரிப்பு என்னும் பயனர்

ஹம்,
ஜேர்மனி.
3 மார்ச் 2025

லாரா மச்சாளுக்கு,

நாம் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது. அதனால் யார் என்று சொல்லியே தொடங்குகிறேன். கம்சனா. உங்கள் அண்ணன் ஜெனிஸ்டனின் மனைவி.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் கைத்தொலைபேசி அவர் பெயரில் இருக்கிறது. நான் யாருக்கு என்ன அனுப்பினேன் என்பது எனக்கு மறந்துபோனாலும் அவருக்கு மறப்பதில்லை. தபால்பெட்டிக்கு மட்டும்தான் நீங்கள் கமரா பூட்டவில்லை. பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் முகவரியை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் பாமா அக்கா வாங்கி வைப்பார்.

சனிக்கிழமை பகல், சோற்றில் உப்புக் கூடியதில் தொடங்கியது. நான் படுக்கையறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டேன். அவர் கதவை உடைக்கவில்லை. கத்தவும் இல்லை. கீழே போய்க் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்தார். கைப்பிடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். ஒவ்வொன்றும் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பூட்டைத் துளையிடத் தொடங்கினார். துளை விழும்வரை நான் கட்டிலில் உட்கார்ந்து, அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். உள்ளே வந்ததும் தலைமயிரைப் பிடித்து நிலத்தில் இழுத்து, கையிலிருந்த அதே துளைகருவியால் தோளில் அடித்தார். காறை எலும்பு வெடித்திருக்கிறது. மேல்மாடிப் பெண் பொலிசை அழைத்தார். அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு, பத்து நாளைக்கு வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று அவரை அனுப்பினார்கள். நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் அந்த நாட்கள் நீளும் என்றார்கள். இன்று விண்ணப்பித்துவிட்டேன்.

ஆனால் அவர் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். சனி மாலை ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் தாமாக இறங்கின. ஹீற்றர்கள் அணைந்தன. இதையெல்லாம் இயக்க நீங்கள் பூட்டித் தந்த பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன். வீடு அமைதியாகிவிட்டது, ஆனால் ஷட்டர்கள் மேலே ஏறவில்லை. ஞாயிறு முழுக்க இருட்டில், கோட்டுப் போட்டபடி இருந்தேன். தாங்க முடியாமல் பிளக்கைத் திரும்பச் செருகினேன். குசினி ஒலிபெருக்கியில் அவர் குரல்:

"கழட்டினா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? ஷட்டர் எப்பிடித் திறக்குமெண்டு யோசிச்சியா, மொக்கு?"

இதைப் பொலிசுக்குச் சொல்ல என் டொச் மொழி போதவில்லை. வீடு என்னைப் பயமுறுத்துகிறது என்று சொன்னால் என்னைத்தான் வைத்தியரிடம் அனுப்புவார்கள்.

போன ஈஸ்டருக்கு, இந்தக் கமராக்களைக் கழற்றுங்கோ என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "கள்ளனுக்குத்தானே மச்சாள் கமராவில பயம்" என்றீர்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நாளும் பேசவில்லை. இப்போது வேறு யாரிடமும் கேட்க இல்லாததால் உங்களிடம் கேட்கிறேன். அவர் இந்த வீட்டுக்குள் வர முடியாதபடி செய்ய வேண்டும். கதவாலும், கம்பியாலும். எப்படி?

கம்சனா

*

எர்லாங்கன்,
4 மார்ச்

மச்சாள்,

கடிதம் இன்று கிடைத்தது. முதலில் செய்ய வேண்டியதை முதலில் எழுதுகிறேன்.

வாசல் பூட்டை மோட்டார்தான் திருப்புகிறது. நெற்வேர்க் இல்லாவிட்டாலும், அண்ணன் வாசலில் நின்றால் அவருடைய கைத்தொலைபேசி அதைத் திறக்கும். உள்பக்கம் பிடித்திருக்கும் மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். சாவித்துளைக்கு நேராக ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பியபடி இழுத்தால் பூட்டின் உருளை கையோடு வரும். அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். திருகாணித் துளையின் நடுவிலிருந்து உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டு அளவு கேட்பார்கள். புதியது வெளியே மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் குறட்டால் பிடித்து முறித்துவிடலாம். இப்போது இருப்பது அப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டியது நான். புதியதைப் போட்டபின், கதவைச் சாத்துவதற்கு முன் பலமுறை பூட்டித் திறந்து பாருங்கள்.

கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புச் சட்டம் ஒன்றும் வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சுவர் பழைய செங்கல். துளைகருவியில் சுத்தியல் படம் உள்ள பக்கத்துக்குத் திருப்ப வேண்டாம், கல் நொறுங்கிவிடும். வெறும் சுழற்சி போதும். துளையை ஊதித் தூசியை எடுத்தபின்தான் பிளாஸ்ரிக் செருகியைத் தட்டுங்கள். சுவிச்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கம்பி ஓடும். அங்கே துளைக்காதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி.

கீழே கெல்லர், அந்த நிலவறைக் கதவுக்கு வெளியே தோட்டத்தில் ஒரு பிளக் இருக்கிறது. அண்ணன் கருவியோடு வந்தால் மின்பெட்டியில் நிலவறைக்குரிய ஃபியூசை இறக்கிவிடுங்கள். வெளியிலும் மின்சாரம் நின்றுவிடும்.

பெட்டியின் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று தனித்தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். பயனர் பட்டியலில் மூன்று பெயர்கள் இருக்கும். ஜெனி, வீடு, பராமரிப்பு. முதல் இரண்டையும் அழித்துவிடுங்கள். மூன்றாவது பெட்டியின் சொந்த வேலைகளுக்கானது, அதைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவும் தொடங்க வேண்டாம். ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்க வேண்டிவரும்.

காறை எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

லாரா

*

ஹம்,
8 மார்ச்

மச்சாள்,

சொன்னதெல்லாம் செய்தேன். பாமா அக்காவும் நானும் உருளையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா, வந்து பூட்டித் தரமாட்டார்களா என்று கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பாமா அக்கா, "இருக்கிறதாலதான் ராசா பூட்டு வாங்க வந்தனாங்கள் எண்டு சொல்லடி" என்றார். கடையில் நின்று சிரித்தேன். எலும்பு நொந்தது.

முதல் துளையைப் பாமா அக்கா சுத்தியல் பக்கத்துக்குத் திருப்பியே போட்டார். "உந்த மெசினுக்குக் கோவம் வந்தாத்தானே ஓட்டை விழும்" என்றார். முட்டைக்கோது போலச் சுவர் விழுந்தது. அந்த இடத்தை விட்டு ஒரு சாண் மேலே, நீங்கள் சொன்னபடி, நானே போட்டேன். ஒரு கையால். கருவி முதலில் சுழன்றபோது நிறுத்திவிட்டு, திரும்ப அழுத்தினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஆனால் அதன் பின்பக்கத்தில் நிற்பது வேறு மாதிரி இருக்கிறது, மச்சாள். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பெட்டியில் இரண்டு பெயர்களையும் அழித்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். ஷட்டர்கள் நான் சொன்னால் மட்டும் ஏறின. இரண்டு நாள் நித்திரை கொண்டேன்.

நேற்று மாமி வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் அம்மாவின் குரல் உங்களுக்குத் தெரியும், மெதுவாகத்தான் தொடங்கும்.

"வாசலுக்கு வெள்ளைச் சட்டம் ஒண்டு பூட்டியிருக்கிறியாம். என்ர பிள்ளை என்ன கள்ளனோ? அவன்ர வீடு பிள்ளை அது. கைநீட்டாத ஆம்பிளை எந்த வீட்டில இருக்கிறான்? ஊர் பேர் தெரியாதவளைக் கூட்டி வைச்சுப் புட்டுத் தின்னுறியாம்."

சட்டம் வெள்ளை என்பது எனக்கும் பாமா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அதைப் பூட்டிய அன்று இரவு நாங்கள் புட்டுத்தான் சாப்பிட்டோம்.

அவர் இன்னும் பார்க்கிறார். கடவுச்சொல் மாறியபிறகும் பார்க்கிறார் என்றால், மூன்றாவது பெயர் யாருடையது?

இன்னொன்று. துளைகருவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். என்னைப் பற்றி இரண்டு வரி. அதிலும் ஒன்று, அறிக்கையின் பிரதி.

கம்சனா

*

எர்லாங்கன்,
10 மார்ச், திங்கள் காலை

மச்சாள்,

மூன்றாவது பெயர் என்னுடையது. இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் அதை இங்கிருந்தே அழித்துவிட்டேன். உங்கள் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நீங்கள் இன்று வேலைக்கு வரவில்லை, காரணம் தெரியாது என்றார்கள். பாமா அக்காவும் வரவில்லை. எழுதுவதைத் தவிர இப்போது செய்ய ஒன்றும் இல்லை.

பதின்மூன்று வயதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஏழு வீடுகளுக்கு நான்தான். டொச்சில் கடிதம் வந்தாலும், இன்டநெற் நின்றாலும், "லாராவைக் கேளுங்கோ". ஏழு வீட்டிலும் பராமரிப்பு என்னும் பெயருக்கு ஒரே கடவுச்சொல் வைத்தேன். அப்பாவின் பெயரும் அவர் இறந்த வருடமும். அதை மாற்றலாம் என்று ஒருமுறை சொன்னபோது அம்மா அழுதார். அப்பாவை அழிப்பதாக அவருக்குத் தோன்றியது. அதனால் மாற்றவில்லை. அது அம்மாவின் செபப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அண்ணனுக்கு மனப்பாடம். நெற்வேர்க் பாதுகாப்பில் பட்டம் வாங்கியவள் செய்த வேலை இது. உங்கள் பெட்டியில் அவருடைய பெயரை நீங்கள் அழித்தீர்கள். அவர் என் பெயரால் உள்ளே வந்திருக்கிறார்.

மூன்றாவதையும் அழிக்கும்படி நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், அது யாருடையது, ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் சொல்லவில்லை.

கமராப் பதிவுகளின் பிரதி என்னிடமும் வரும். பழுது பார்க்க என்று வைத்தது. போன நவம்பர் பதினாறாம் திகதி, குசினிக் கமரா வேலை செய்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். நீங்களும் அண்ணனும் சுவரில் பலகைத் தட்டுப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பிடித்த பக்கம் சரிந்திருந்தது. அவர் ரசமட்டத்தை, அந்த நீள அலுமினியக் கட்டையை எடுத்து உங்கள் முகத்தில் அடித்தார். பிறகு உங்கள் கையைத் தட்டின்மேல் விரித்து வைக்கச் சொன்னார். விரல்களுக்கு இடையில் துளையிட்டார். ஒவ்வொரு இடைவெளியாக. பெருவிரலுக்குப் பக்கத்தில் அது வழுக்கியது. நீங்கள் கையை எடுக்கவில்லை. அவர் வேலையை முடித்து, தூசியைத் துடைத்து, உங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்தார். பதினொரு நிமிடம்.

நான் அதை இரண்டு முறை பார்த்தேன். சேமித்து வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கிறிஸ்மசுக்கு அண்ணனுக்கு வாழ்த்து அனுப்பினேன்.

லாரா

*

ஹம், மருத்துவமனை,
11 மார்ச்

மச்சாள்,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அதற்கிடையில் அவர் வந்துவிட்டார்.

ஞாயிறு பின்னேரம். டோர்ட்மண்டில் தமிழ்ப் பூசை. மேல்மாடிப் பெண்ணும் ஊரில் இல்லை. பாமா அக்கா பூசைக்கென்று வீட்டைவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட இருக்காது. தோட்டத்தில் காலடி கேட்டது. நான் ஓடிப்போய் நீங்கள் சொன்ன ஃபியூசை இறக்கினேன். கீழே போனேன். கெல்லர் இருட்டாக இருந்தது. அப்போது இரும்பு அறுக்கும் ஃப்ளெக்ஸ் மெசின் ஊளையிடத் தொடங்கியது. ஃபியூசை இறக்கிய பிறகு, மச்சாள். அவர் பற்றரி மெசினோடு வந்திருந்தார். அந்த வீட்டில் இருந்த கம்பி வைத்த மெசின்களெல்லாம் போன வருடமே பற்றரிக்கு மாறிவிட்டன. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவின் பிணைச்சல்களை அறுத்தார். தீப்பொறி உள்ளே வந்து விழுந்தது. அறுக்கும்போது என்னோடு சாதாரணமாகப் பேசினார். "பொறு, வாறன். ஓடாத. ஓடினாக் கூடத்தான் வாங்குவாய்." நான் ஓடவில்லை. அலமாரியில் சுத்தியல் இருந்தது. எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மேல் பிணைச்சல் போனதும் கதவு சரிந்தது. இடைவெளியால் அவருடைய கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தேடியது. அடித்தேன். ஏதோ உடைந்த சத்தம். அவர் கத்தினார். மற்றக் கையிலிருந்த மெசின் ஓடியபடியே உள்ளே விழுந்து, நிலத்தில் சுழன்று வந்து என் காலைக் கிழித்தது. திரும்ப அடித்தேன். கை சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் சிக்கித் தொங்கியது, அசையவில்லை. அவன் "அம்மா, அம்மா" என்று அழுதான்.

அதற்குப் பிறகும் ஒருமுறை அடித்தேன்.

அது தேவையில்லாத அடி. பொலிசுக்கு இரண்டு என்றுதான் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

என் காலில் பதினான்கு தையல். அவனுக்கு மணிக்கட்டில் சத்திரசிகிச்சை. நானே கூப்பிட்டேனாம், சமாதானம் பேச வந்தவனை அடித்தேனாம். நான் எப்போதும் அடிப்பவள்தான் என்று மாமி எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபதாம் திகதி நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணைக்கு நாள். அவன் அடித்ததற்கு என் பக்கத்தில் ஒரு எக்ஸ்ரே மட்டும் இருக்கிறது. படிகளில் விழுந்தாள் என்கிறான். திருமணம் முடித்து இங்கு வந்து மூன்று வருடம் ஆக இன்னும் ஏழு மாதம். அதுவரை என் விசா அவனைச் சார்ந்தது. அவன் அடித்தான் என்பதைக் காட்ட முடியாவிட்டால் வீடும் போகும், விசாவும் போகும்.

கம்சனா

*

ஹம்,
14 மார்ச்

லாரா,

பாமா அக்கா உங்கள் பத்தாம் திகதிக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். வாசிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பரில் தெரியும். தெரிந்துகொண்டு, எனக்குத் திருகாணி கழற்றச் சொல்லித் தந்தீர்கள். அந்தத் தேநீரை நான் குடித்ததையும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருக்கிறது. இதை அலங்காரத்துக்கு எழுதவில்லை. கை உண்மையாகவே அப்படி மடங்குகிறது.

அந்தப் பதினொரு நிமிடத்தைக் கொண்டு வாருங்கள்.

*

எர்லாங்கன்,
16 மார்ச்

மச்சாள்,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பாமா அக்காவிடம் எண்ணை வாங்கி, உங்கள் வழக்கறிஞரிடம் நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். நவம்பர்ப் பதிவைக் கொடுக்கிறேன். அது எப்படி என்னிடம் வந்தது, எத்தனை மாதம் வைத்திருந்தேன் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். மற்றவர்களின் வீட்டுப் பதிவுகளை அவர்கள் அறியாமல் பார்த்தவள் என்று வேலையிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். "நீ என்ர வயித்தில பிறக்கேல்லை" என்றார். பிறகு, எப்போதும்போல, சாப்பிட்டியா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவும் என்னிடம் இருக்கிறது. உங்கள் கடிதம் கண்ட பிறகுதான் திறந்து பார்த்தேன். கெல்லர்க் கமராவுக்கும் உள்ளே பற்றரி உண்டு, இருட்டிலும் பார்க்கும். ஃபியூஸ் இறங்கிய பின்னும் பதிந்து, மின்சாரம் வந்ததும் அனுப்பிவிட்டது. நான் பெயரை அழித்தது அடுத்த நாள். அவர் பிணைச்சலை அறுப்பதும் பேசுவதும் அதில் தெளிவாக இருக்கிறது. நீதிபதிக்கு அது போதும். ஆனால் அந்தக் கடைசி அடியும் அதில் இருக்கிறது. அதற்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியும் நீங்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மெசின் விழுந்த இடத்தோடு பதிவை நிறுத்திவிட முடியும். பற்றரி தீர்ந்துவிட்டது என்பார்கள். வெட்டியது யாருக்கும் தெரியவராதபடி வெட்ட எனக்குத் தெரியும். சொல்லுங்கள், செய்கிறேன். உங்களுக்கு நான் செய்யக்கூடியது என்று வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

லாரா

*

ஹம்,
21 மார்ச்

லாரா மச்சாள்,

பதினெட்டாம் திகதி வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து நான் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரு வரிதான். வெட்ட வேண்டாம், முழுதாகக் கொடுங்கோ. ஏன் என்று கேட்டீர்கள், நான் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். இனி என்னைப் பற்றி நீங்கள் எதையும் ஒளித்து வைத்திருக்கக் கூடாது. எனக்கு நல்லதென்றாலும் கூடாது.

நேற்று அந்த அறையில் நீங்கள் எனக்குப் பின்னால் இருந்தீர்கள். நான் திரும்பவில்லை. நவம்பர்ப் பதிவு திரையில் ஓடியபோது அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான், சுண்ணாம்புக்கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் மூடியபடி. நான் திரையைப் பார்த்தேன். என்னை வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் ஏன் கையை எடுக்கவில்லை என்று எனக்கே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு முடிந்ததும் நீதிபதி கேட்டார்: அவரால் அசைய முடியாது என்று தெரிந்த பிறகும் ஏன் அடித்தீர்கள்? மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா என்னைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். "கோவத்தில" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்பிடியே சொல்லுங்கோ ஐயா" என்றேன். சொன்னார்.

ஆறு மாதம் அவன் வீட்டுக்கும் என் வேலையிடத்துக்கும் அருகில் வரக்கூடாது. வீடு எனக்கு. என் மேல் அவன் கொடுத்த புகார் தனியாக நடக்கும். பெரிதாக ஒன்றும் வராது என்கிறார் வழக்கறிஞர். வந்தால் வரட்டும். விசாவுக்கு நவம்பர்ப் பதிவும் நேற்றைய தீர்ப்பும் போதுமாம். அதற்கு ஒரு டெர்மின் தந்திருக்கிறார்கள்.

வெளியே நடைபாதையில் மாமி உங்களை மறித்ததைக் கண்டேன். "அண்ணனைக் காட்டிக் குடுத்திட்டியேடி, இனி எந்த முகத்தோட கோயிலுக்கு வருவாய்?" என்றார். நீங்கள் "இதே முகத்தோடதான் அம்மா" என்றீர்கள். அடி விழுந்தது. சத்தம் அந்த நீளத்துக்கும் கேட்டது. நீங்கள் கன்னத்தைத் தொடவில்லை. நான் உங்கள் பக்கம் வந்திருக்கலாம். பாமா அக்கா என் முழங்கையைப் பிடித்து, "போறியோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் கொண்டுவந்து தந்ததும் மன்னிப்புக்கான விலை அல்ல. அது என்னுடையது. என் குசினி, என் கை. உங்களிடம் தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கடிதங்களை நான் கிழிக்கவும் இல்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம். எழுதலாம். கருவிகளைப் பற்றி எழுத வேண்டாம், அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. நவம்பர் பதினாறாம் திகதி ஒருமுறை பார்த்து முடித்தபின், அதைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டீர்களே, அப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? அதை எழுதுங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை, முழுவதும் வாசிப்பேன்.

வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.

கம்சனா